ரெண்டு நாள் சும்மா கிட

என் கையில் கட்டியிருக்கும் ஓட்டக் கடிகாரம் பிள்ளைச்சாவடிக் கரையில் உயரம் 2 மீட்டர் என்று காட்டும். சில நாள் பூஜ்யம். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும் நாட்களில், அதே மணலில் அதே இடத்தில் நின்றாலும், திடீரென்று 40, 50 என்று ஏறிவிடும். முதல் தடவை பார்த்தபோது கடிகாரம் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கெடவில்லை. அதற்கு உயரம் என்றால் என்னவென்று தெரியாது. தன்மேல் காற்று எவ்வளவு அழுத்துகிறது என்பது மட்டும்தான் தெரியும். அழுத்தம் குறைந்தால், மேலே வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று அதுவாக முடிவு செய்துகொள்ளும்.

உடம்பும் ஏறக்குறைய அப்படித்தான். இதை நான் முதலில் புத்தகத்தில் படிக்கவில்லை. லடாக்கில், லே நகரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு தெரிந்துகொண்டேன்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பம், முதலியார்சாவடிகள், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாடு ஓடும். பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மறுபடி புதுச்சேரி வரும். அதுதான் எங்கள் ஊர். அடுத்தது காலாப்பட்டு. பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாக வைத்திருந்த நிலத்தில் ஒரு துண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இஞ்சினியரிங் காலேஜ் முகவரியில் கடைசி வார்த்தையாகப் பழக்கப்பட்ட பெயர். எங்களுக்கு, கடல் தின்றுகொண்டிருக்கும் ஊர். 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியபிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வர வேண்டிய மணல் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு ஊருக்குக் கல் கொட்டினால் அரிப்பு அதற்கு வடக்கே இருக்கும் ஊருக்கு நகரும். அப்படி நகர்ந்து எங்களிடம் வந்தது. நான் சின்ன வயதில் ஓடிய மணல் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

மிச்சம் இருந்த மணலில்தான் 4 மாதம் பயிற்சி எடுத்தேன். விடியற்காலை மணலில் 6 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை சாலையில் 18. செப்டம்பரில் லேயில் நடக்கும் அரை மராத்தான் இலக்கு. மூச்சு வாங்காது, முழங்கால் வலிக்காது, வயது 24. என்னை விட்டால் யார் என்ற நினைப்பு.

என் தாய்மாமா மெட்ராஸ் ரெஜிமெண்டில் 17 வருஷம் இருந்தவர். கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, போய் எறங்குனதும் ரெண்டு நாள் சும்மா கிட. நடக்காத, குளிக்காத, மாடிப்படி ஏறாத. கொட்டாவி வந்தா வுடு, அவ்ளோதான்."

"மாமா, நான் நாலு மாசமா டிரெயின் பண்றேன்."

"அதான் சொல்றேன். டிரெயின் பண்ணவன்தான் மொதல்ல வுழுவான்."

சரி என்று தலையாட்டினேன். சென்னையில் ஏறி, டில்லியில் மாறி, காலை 8 மணிக்கு லேயில் இறங்கினேன். கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டருக்கு ஒரே நாளில். வெயில் நன்றாக இருந்தது, வானம் பார்த்தே இராத நீலம். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. சாயங்காலம் 4 மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு 5 கிலோமீட்டர் ஓடினேன். ஓட முடிந்தது என்பதுதான் விஷயம்.

ராத்திரி 11 மணிக்குத் தலைவலி. 1 மணிக்கு வாந்தி. 3 மணிக்குப் படுத்தால் மூச்சு நின்று நின்று வந்தது. தங்கியிருந்த வீட்டு அம்மா கொரோனா காலத்து ஆக்சிமீட்டரை எடுத்துவந்து விரலில் மாட்டினார். 71. ஊரில் 98 காட்டும் விரல் அது.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் என் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஜார்க்கண்டில் துமகா பக்கம். எல்லைப்புறச் சாலை போடும் வேலைக்கு வந்தவன். என் அரைகுறை இந்தியில் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: வந்து இறங்கிய மறுநாளே ஒப்பந்தக்காரர் கையில் மண்வெட்டி கொடுத்துவிட்டார். சும்மா கிடந்தால் அந்த நாளுக்குக் கூலி இல்லை. அவனுக்கு இருமல் நிற்கவில்லை. எனக்கு சும்மா கிடக்க நேரமும் காசும் இருந்தன, நான் கிடக்கவில்லை. அவனுக்குக் கிடக்க வழியே இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே குழாய், ஒரே சிலிண்டர்.

மராத்தான் நாளன்று நான் டில்லியில் ஒரு விடுதி அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

*

ஊர் திரும்பியதும் அவமானத்தில் படிக்க ஆரம்பித்தேன். மேலே போனால் உடம்பு ஏன் படுத்துவிடுகிறது என்ற கேள்விக்கு முதலில் சரியான பதில் சொன்னவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பால் பெர்ட்.

அவருக்கு முன்னால் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2,000 வருஷத்துக்கு முந்தைய சீன ஆவணத்திலேயே 'பெரிய தலைவலி மலை', 'சின்னத் தலைவலி மலை' என்று கணவாய்களுக்குப் பெயர் உண்டு. இமயமலைக்காரர்கள் அதை 'பிஸ்' என்றார்கள். நம்முடைய 'விஷம்' என்ற சொல்தான் அது. கணவாயில் விஷக்காற்று வீசுகிறது, ஏதோ பூவின் வாசனை மயக்குகிறது என்று நம்பிக்கை. ஐரோப்பியப் படிப்பாளிகளும் பெரிதாக மேலில்லை. குளிர் என்றார்கள், களைப்பு என்றார்கள், மலையில் மின்சாரம் இருக்கிறது என்றார்கள்.

பெர்ட் 1833-ல் பிறந்தவர், கிளாட் பெர்னார்டின் மாணவர். பாரிஸில் அவர் இரும்பு அறைகள் செய்துவைத்து, உள்ளே ஆளையோ விலங்கையோ உட்காரவைத்து, காற்றை உறிஞ்சி எடுத்தார். மலை ஏறாமலேயே மலைக்குப் போகும் வழி. அந்த அறைகளுக்குப் பணம் கொடுத்தவர் டெனிஸ் ஜூர்தானே என்ற மருத்துவர். மெக்சிகோ மேட்டுநிலத்தில் பல வருஷம் வைத்தியம் பார்த்தவர் அவர். மெக்சிகோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

பெர்ட் கண்டுபிடித்ததைச் சொல்வது சுலபம். கடற்கரையிலும் மலை உச்சியிலும் காற்றில் பிராணவாயுவின் விகிதம் ஒன்றுதான், 100-க்கு 21. மாறுவது அழுத்தம். சுமார் 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. அழுத்தம் குறைந்தால் அதே அளவு மூச்சில் ரத்தத்துக்குள் இறங்கும் பிராணவாயு குறைகிறது. குளிரும் இல்லை, விஷமும் இல்லை. 1874-ல் அவரே அறைக்குள் உட்கார்ந்து, பையிலிருந்து பிராணவாயுவை இழுத்தபடி, எவரெஸ்ட் உச்சியை ஒட்டிய அழுத்தம் வரைக்கும் போய்வந்தார். எவரெஸ்டில் மனிதன் கால் வைக்க இன்னும் 79 வருஷம் இருந்தது.

அடுத்த வருஷம்தான் அந்தத் துயரம். 1875 ஏப்ரல் 15 அன்று 'ஸெனித்' என்ற பலூனில் மூன்று பேர் பாரிஸிலிருந்து மேலே கிளம்பினார்கள். கஸ்தோன் திசாந்தியே, குரோசே-ஸ்பினெல்லி, சிவெல். பின்னவர்கள் இருவரும் பெர்டின் அறைக்குள் உட்கார்ந்து பழகியவர்கள். பிராணவாயு பைகளை எடுத்துப்போனார்கள். அந்த அளவு போதாது என்று வெளியூரில் இருந்த பெர்ட் கடிதம் எழுதினார். கடிதம் வந்துசேர்வதற்குள் பலூன் கிளம்பிவிட்டது. கையிருப்பு குறைவு என்பதால், ரொம்ப முடியாமல் போகும்போது உறிஞ்சிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். முடியாமல் போனபோது குழாயை எட்டிப் பிடிக்கக் கை எழவில்லை. பலூன் 8,000 மீட்டரைத் தாண்டியது. தரையிறங்கியபோது திசாந்தியேவுக்கு மட்டும் உயிர் இருந்தது. காது போய்விட்டது.

இதில் என்னை உலுக்கியது, கஷ்டம் தெரியவில்லை என்பதுதான். அந்த உயரத்தில் ஒருவித சந்தோஷம் வரும் என்று திசாந்தியே பிற்பாடு எழுதினார். எனக்கும் அந்தச் சாயங்காலம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பெர்டின் பெரிய புத்தகம் 'லா பிரெஸியோன் பரோமெத்ரிக்' 1878-ல் வந்தது. அழுத்தம் குறைவதைப் பற்றி மட்டுமல்ல, கூடுவதைப் பற்றியும் அதில் இருக்கிறது. ஆழ்கடலில் மூழ்குகிறவன் அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகும் என்பதையும் விளக்கியவர் அவர்தான். கடலுக்கடியிலிருந்து வருகிறவனுக்கும் மலைக்குப் போகிறவனுக்கும் ஒரே புத்தகம், ஒரே புத்தி: மெதுவாக ஏறு.

அதே பெர்ட் பிறகு அரசியலுக்குப் போனார். 1881-ல் கல்வியமைச்சர். எங்கள் பக்கத்து ஆட்கள் 'ரெனோன்சான்' ஆவதற்கு, அதாவது சொந்தச் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் போவதற்கு, ஆணை வந்ததும் அதே 1881-ல்தான். அப்படிப் பெயர் மாற்றிக்கொண்டவர்களில் பலர் சைகோனுக்குக் கப்பலேறி போலீஸ்காரர்களாக, வரிவசூல்காரர்களாக, குமாஸ்தாக்களாக ஆனார்கள். பெர்டும் 1886-ல் இந்தோசீனாவுக்குத்தான் போனார், டோன்கினுக்கும் அன்னாமுக்கும் ரெசிடெண்ட் ஜெனரலாக. அந்த நவம்பரிலேயே ஹனோயில் நோய்ப்பட்டு இறந்துபோனார். அவர் எழுதிய பள்ளிப் பாடநூல்களில் மனித இனங்களை ஏணிப்படி போல அடுக்கி வெள்ளையனை மேலே வைத்திருக்கிறார். காற்றழுத்தத்தை இவ்வளவு துல்லியமாக அளந்த மனிதர், மனிதர்களை அளந்த விதம் இது. இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் உயரத்தைப் பற்றிய விஞ்ஞானத்தில் அந்த ஏணி ரொம்ப நாள் கூடவே வந்தது. மேட்டுநில மக்கள் ரத்தம் குறைந்த பலவீனர்கள் என்று ஜூர்தானே எழுதினார். 1920களில் பெருவுக்குப் போய்ச் சில வாரம் தங்கிய பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜோசப் பார்கிராஃப்ட், உயரத்தில் வசிப்பவர்கள் எல்லோரும் உடலாலும் மனதாலும் குன்றியவர்கள் என்று எழுதிவைத்தார். பெருவின் கார்லோஸ் மோங்கே அதை எதிர்த்து ஆராய்ச்சிக்கூடமே கட்டினார். உயரத்தில் தலை சுற்றிக் கிடந்தவர் பார்கிராஃப்ட். பக்கத்தில் சுரங்கத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அந்த ஊர் ஆட்கள். இருந்தும் பலவீனர் பட்டம் அவர்களுக்கு!

*

உடம்பு உயரத்துக்குப் பழகும் வழியைக் காட்டியவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். வியோ என்பவர் 1890-ல் பெருவின் மொரோகோச்சா சுரங்க ஊருக்கு, சுமார் 4,500 மீட்டர் உயரத்துக்குப் போய், தன் ரத்தத்தையே எடுத்து எண்ணினார். கடற்கரையில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 50 லட்சம் சிவப்பணுக்கள். 23 நாளில் அது 80 லட்சம். பிராணவாயு குறைவதைச் சிறுநீரகம் கண்டுகொண்டு எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, அது எலும்பு மஜ்ஜையை முடுக்குகிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அணுக்களுக்கு அந்தக் குறைவு எப்படித் தெரிகிறது என்பதற்கான விடைக்கு 2019-ல்தான் நோபல் கிடைத்தது.

ஆனால் சிவப்பணு வாரக்கணக்கில் நடக்கும் வேலை. முதல் இரண்டு மூன்று நாளில் உடம்புக்குத் தெரிந்த தற்காலிக வைத்தியம் வேகமாக மூச்சுவிடுவதும் இதயத்தை வேகமாக அடிக்கவைப்பதும்தான். அந்த நேரத்தில் நீங்கள் ஓடினால், ஏற்கெனவே கடன் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் கல்யாணம் வைத்த மாதிரி. மாமா சொன்னதன் அர்த்தமும் அப்போதுதான் விளங்கியது. உடற்பயிற்சி செய்து வலுவான காலும் நுரையீரலும் மலை நோயிலிருந்து காப்பாற்றாது. வலுவானவன் தெம்பு இருக்கிறதே என்று வேகமாகப் போவான். அதனால் முதலில் விழுவான்.

இந்தச் சிவப்பணுக் கணக்கு விளையாட்டுக்காரர்கள் காதில் விழுந்தது 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸை ஒட்டி. மெக்சிகோ நகரத்தின் உயரம் 2,240 மீட்டர். அது நம் ஊட்டியின் உயரம், கிட்டத்தட்ட மீட்டர் சுத்தமாக. காற்று மெலிந்தால் குறுகிய ஓட்டமும் தாண்டுதலும் சுலபமாகும், நீண்ட ஓட்டம் நரகமாகும். பாப் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டியது அங்கேதான். அதே மைதானத்தில் பல உலக சாதனைகளுக்குச் சொந்தக்காரரான ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க், 10,000 மீட்டரில் ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார், பிராணவாயு கொடுத்துத்தான் எழுப்பினார்கள். ஜெயித்தவர் கென்யாவின் நஃப்தாலி டெமு. 1,500-ல் கென்யாவின் கிப் கெய்னோ, ஸ்டீபிள்சேஸில் கென்யாவின் அமோஸ் பிவோட், மராத்தானில் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே. பார்கிராஃப்ட் 'குன்றியவர்கள்' என்று எழுதினாரே, அப்படி மேட்டுநிலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இவர்கள்.

பிரெஞ்சு அரசு அந்த ஒலிம்பிக்ஸுக்காகவே பிரனீஸ் மலையில் ஃபோன்-ரோமூ என்ற இடத்தில் பயிற்சி மையம் கட்டியது. உயரம் 1,850 மீட்டர். அங்கே பயிற்சி எடுத்த கோலெத் பெஸோன் மெக்சிகோவில் பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். குன்னூரின் உயரமும் 1,850 தான். குன்னூரை ஒட்டிய வெலிங்டனில்தான் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கிறது. மாமா அங்கே 'ஒரு வருஷம் ஓடவுட்டே கொன்னான்' என்று சொன்ன மைதானமும் பிரான்ஸின் அந்த ஒலிம்பிக் மைதானமும் ஒரே காற்றழுத்தத்தில் இருந்தவை.

பிறகு இதிலும் ஒரு சிக்கல் தெரிந்தது. மேலே இருந்தால் ரத்தம் கெட்டிப்படும், சரி. ஆனால் மேலே முழு வேகத்தில் ஓட முடியாது, கால் மந்தமாகிவிடும். 1997-ல் அமெரிக்காவில் லெவின், ஸ்ட்ரே-குண்டர்சன் இருவரும் 39 ஓட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வில், 2,500 மீட்டரில் தூங்கி 1,250 மீட்டருக்கு இறங்கிவந்து ஓடியவர்கள் 5,000 மீட்டரில் சராசரியாக 13 விநாடி முன்னேறினார்கள். மேலே வாழ், கீழே ஓடு. ஊட்டியில் தூங்கி மேட்டுப்பாளையத்தில் ஓடுவது போல. 2010களில் நம் தேசிய அணியின் தொலைதூர ஓட்டக்காரர்களுக்கு ஊட்டியில் முகாம் நடந்தது. நம்மிடம் மலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

*

விளையாட்டில் அவசரப்பட்டால் பதக்கம் போகும். எனக்கு மராத்தான் போனது. ராணுவத்தில் என்ன போனது என்பதைப் படித்தபோதுதான் ஆஸ்பத்திரியில் பார்த்த அந்தப் பையன் திரும்பவும் ஞாபகத்துக்கு வந்தான்.

1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. எங்கள் ஊரில் அந்தத் தேதிக்கு விழா உண்டு. இரண்டு மாதம் சொச்சம் கழித்து, அக்டோபர் 20-ல், சீனப் போர் தொடங்கியது. சமவெளியில் இருந்த படைகளை அவசர அவசரமாக மலைக்கு ஏற்றினார்கள். பருத்திச் சீருடை, கான்வாஸ் ஷூ. உயரத்துக்குப் பழக நேரமே கொடுக்கவில்லை. குண்டு படாமலேயே ஆட்கள் நுரையீரலில் நீர் கோத்துச் செத்தார்கள். அந்த நோயை அதுவரை பல இடங்களில் நிமோனியா என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பெர்டின் புத்தகம் வந்து அப்போது 84 வருஷம் ஆகியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளுக்காக 1943-ல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் இருந்தார்கள். 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நடைமுறையில் கைமாறி மூன்றாம் நாள், நவம்பர் 4-ல், டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றக் கழகம் தொடங்கியாயிற்று. 1960-61-ல் ஹிலாரியும் உடலியல் அறிஞர் கிரிஃபித் பியூவும் எவரெஸ்ட் பக்கம் 5,800 மீட்டரில் வெள்ளிக் குடில் ஒன்று அமைத்து மாதக்கணக்கில் தங்கி ஆராய்ந்தபோது, இந்திய ராணுவத்தின் கேப்டன் மோத்வானியும் கூட இருந்தார். ஆகவே 'தெரியாது' என்று சொல்ல வழியில்லை. தெரிந்தவர்கள் ஒரு பக்கம் இருந்தார்கள், உத்தரவு போடுகிறவர்கள் வேறு பக்கம் இருந்தார்கள். பெர்டின் கடிதம் மாதிரியே.

போருக்குப் பிறகு ராணுவ மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. இந்தர் சிங் தலைமையிலான குழு 1965-ல் நுரையீரல் நீர்க்கோப்பு 332 பேருக்கு வந்ததை 'லான்செட்' இதழில் எழுதியது. 1969-ல் மலை நோய் கண்ட 1,925 படைவீரர்களைப் பற்றி 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசி'னில் எழுதியது. இன்றைக்கும் உலகம் முழுக்க மலை மருத்துவம் பேசுகிறவர்கள் அந்த எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். 1,925 என்பது பெரிய மாதிரி. எப்படி அவ்வளவு பெரிய மாதிரி கிடைத்தது என்று ஒரு நிமிஷம் யோசித்தால் சங்கடமாக இருக்கும்.

இன்னொரு செய்தி எனக்கு ஆச்சரியம். பனியையும் உயரத்தையும் ஆராய 1962-ல் தொடங்கிய பாதுகாப்புத் துறையின் உடலியல் ஆய்வு நிறுவனம், 'டிபாஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள், முதலில் இயங்கியது சென்னை மருத்துவக் கல்லூரியில். கடல்மட்டத்தில், சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரில், வேர்த்துக் கொட்டும் ஊரில். 60களின் கடைசியில் டில்லிக்குப் போனது. பிற்காலத்தில் அதற்கு இயக்குநராக இருந்தவர் செல்வமூர்த்தி என்ற தமிழர். உயரத்தில் இருக்கும் படைவீரர்களுக்கு யோகப் பயிற்சி உதவுமா என்று ஆராய்ந்தவர்.

இந்த எல்லா ஆராய்ச்சியும் கடைசியில் சின்ன அட்டவணையாகச் சுருங்கியது. 9,000 அடியிலிருந்து 12,000 அடிக்குள் போனால் 6 நாள். அதைத் தாண்டி 15,000 வரை போக இன்னும் 4 நாள். அதற்கும் மேலே இன்னும் 4. முதல் கட்டத்தில் முதல் 2 நாள் முழு ஓய்வு, அடுத்த 2 நாள் சமதரையில் மெதுநடை, கடைசி 2 நாள் கொஞ்சம் ஏற்றம். மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எனக்குச் சொன்னது அந்த அட்டவணையின் முதல் வரி. அதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான நுரையீரல்கள் இருக்கின்றன என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு சாயங்காலம் அவரிடமே கேட்டேன், சியாச்சினில் எது கஷ்டம் என்று. குளிர் என்பார் என எதிர்பார்த்தேன்.

"லீவு முடிஞ்சு திரும்பப் போறதுதான். இங்க ரெண்டு மாசம் நெத்திலிக் கொழம்பு துன்னுட்டுப் போனா ஒடம்பு எல்லாத்தையும் மறந்துடும். மறுபடி மொதல்லருந்து ஆறு நாளு, நாலு நாளு. மேல இருக்கறவன் எறங்கணும்னா நான் ஏறணும். அவன் அங்க நாள எண்ணிக்கினு இருப்பான். நான் இங்க படுத்துக்கினு கெடக்கணும். அந்த ஆறு நாளுதான் மாப்ள, இன்னா பண்றதுன்னே தெரியாது. பொண்டாட்டி ஞாபகம்லாம் அப்பதான் வரும்."

உண்மைதான், ஊருக்கு இறங்கினால் கூடுதல் சிவப்பணுக்களைச் சில வாரங்களில் உடம்பு கரைத்துவிடுகிறது. இங்கே அவை தேவையில்லை என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு விடுப்பிலும் மாமா முழுக்க எங்கள் ஊர்க்காரராக மாறித்தான் திரும்பிப் போயிருக்கிறார்.

2016 பிப்ரவரி 3-ல் சியாச்சினில், 19,600 அடி உயரத்தில், சோனம் முகாம்மேல் பனிச்சுவர் சரிந்தது. அங்கே இருந்தவர்கள் 19-வது மெட்ராஸ் பட்டாலியன். 10 பேர். 4 பேர் தமிழ்நாடு. ஆறாம் நாள் கர்நாடகத்தின் ஹனுமந்தப்பாவை உயிரோடு வெளியே எடுத்தார்கள், 11-ம் தேதி அவரும் இறந்தார். அந்த ஒரு வாரம் மாமா வீட்டில் டிவி அணையவில்லை. வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி என்று ஊர்ப்பெயர்கள் ஓடின. அவர்கள் எல்லோரும் அட்டவணையின் ஒவ்வொரு நாளையும் முடித்துத்தான் மேலே போயிருந்தார்கள். பனிச்சரிவுக்கு அட்டவணை கிடையாது.

கடற்கரையிலிருந்து போய் உச்சியைத் தொட்டவர்களும் உண்டு. 2023 மே மாதம் சென்னைக்குத் தெற்கே கோவளம் மீனவ ஊரைச் சேர்ந்த ராஜசேகர் பச்சை எவரெஸ்ட் ஏறினார். அலைச்சறுக்கு சொல்லிக்கொடுப்பவர். அதே மாதம் முத்தமிழ்செல்வியும் ஏறினார், தமிழ்நாட்டிலிருந்து அதைச் செய்த முதல் பெண். எவரெஸ்ட் பயணத்துக்கு ஆகிற இரண்டு மாதத்தில் உச்சிக்கான ஏற்றம் சில நாள்தான். மிச்சமெல்லாம் ஏறி இறங்கி, கூடாரத்தில் படுத்து, ரத்தம் தயாராகக் காத்திருப்பது. புகைப்படத்தில் அது வராது.

*

இரண்டு வருஷம் கழித்து மறுபடி லே போனேன். 12 நாள் முன்னதாகவே. அதற்காக ஒரு வேலையை விட வேண்டியிருந்தது, அம்மாவுக்கு அது இன்னமும் பிடிக்கவில்லை.

அதே வீடு, அதே அம்மா. என்னை அடையாளம் கண்டுகொண்டு முதல் வேலையாக ஷூவை வாங்கி அலமாரிக்குள் வைத்தார். கட்டிலில் படுத்தேன். விரலில் ஆக்சிமீட்டர், 86. கடிகாரத்தில் உயரம் 3,490. படுத்திருக்கும்போதே நாடி 94. ஜன்னல் வழியாகச் சாலை தெரிந்தது. தார் டிரம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. முகத்தில் துணி கட்டிய ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் துமகாவோ, வந்து எத்தனை நாளோ. ஒருவன் நடுவில் நிறுத்தி, மண்வெட்டியில் சாய்ந்து, கொஞ்ச நேரம் வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். மேஸ்திரி கத்தியதும் குனிந்தான்.

அம்மா உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். எனக்கு அது பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

இரண்டாம் நாள் மத்தியானம் போன் வந்தது. பின்னணியில் கடல் சத்தம். மாமா கரையில் நின்று பேசுகிறார்.

"இன்னா மாப்ள, இன்னா பண்ற?"

"சும்மா கெடக்கறேன் மாமா."

"நாடி எவ்ளோ?"

"எண்பத்தெட்டு."

"நாளைக்கு எறங்கும். கெட."